பிஸ்டல் தோட்டாக் கூட்டை டிரிம் பண்ணணுமா?

கேள்வி: டெக்சாஸ்ல மகன் வீட்டுல மூணு மாசம் இருந்துட்டு இப்பதான் டெல்லி வந்தேன். அவன் கிளப்ல 9 எம்எம் பிஸ்டல் சுடுறான், சுட்ட பித்தளைக் கூட்டையெல்லாம் பொறுக்கிட்டு வந்து கராஜ்ல திரும்ப லோடு பண்றான். ஒவ்வொண்ணையும் டிரிம்மர்ல வச்சு வாயைச் சீவணும்னு சொல்லி என்னையும் உக்கார வச்சுட்டான், மணிக்கட்டு விட்டுப்போச்சு. இது நிஜமாவே வேணுமா?
- வாசகர், ஆர்.கே.புரம்

பதில்: வேண்டாம் சார், 9 எம்எம்முக்கு வேண்டவே வேண்டாம். உங்க மகன் இதை ரைஃபிள்காரங்ககிட்ட கேட்டுட்டு வந்திருப்பாருன்னு தோணுது. ரைஃபிள் கூட்டுக்கு கழுத்து ஒடுங்கியிருக்கும், .308-ங்கற ரைஃபிள் தோட்டாவுல அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டுன்னு கணக்கு) வரைக்கும் போகும், அதனால பித்தளை முன்னாடி நகர்ந்து கூடு நீண்டுக்கிட்டே வரும், அதைச் சீவித்தான் ஆகணும். 9 எம்எம்ல உச்சமே 35,000 பிஎஸ்ஐ, .45 ஏசிபிங்கற பிஸ்டல் தோட்டாவுல 21,000 தான். கூடும் நேரா இருக்கு. நீளறது அபூர்வம், .45 எல்லாம் சுடச்சுட கொஞ்சம் குட்டையாவே ஆகும்.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. 9 எம்எம் தோட்டா சேம்பர்ல, அதாவது குழலோட பின்பக்கம் தோட்டா உக்கார்ற அறையில, நிக்கிறதே அந்த வாய் விளிம்பை வச்சுதான். ஏற்கனவே குட்டையா இருக்கறதை இன்னும் சீவினா தோட்டா உள்ள இறங்கிரும், தோட்டாவோட அடியில தட்டற ஃபயரிங் பின் சரியா அடிக்காம போகலாம். அதிகபட்ச நீளம் 19.15 மில்லிமீட்டர், ஒரு வெர்னியர் காலிப்பர் (நீளம் அளக்கற கருவி) வச்சு பத்துக் கூட்டை அளந்து பாக்கச் சொல்லுங்க, அனேகமா எல்லாமே அதுக்குக் கீழதான் இருக்கும். அதைத் தாண்டினது எப்பவாவது கிடைச்சா அதை மட்டும் தனியா வச்சுக்கலாம்.

ரிவால்வர்னா கதை வேற. .38 ஸ்பெஷல், .357 மேக்னம் எல்லாம் அடிவிளிம்புல நிக்கிற ஜாதி, ஆனா வாயை உள்பக்கமா மடிச்சு கிரிம்ப் போடும்போது நீளம் ஒரே மாதிரி இல்லேன்னா ஒண்ணு இறுக்கமா, ஒண்ணு லூசா வரும். அங்க ஒரு தடவை சீவி சமப்படுத்திட்டா போதும், அப்புறம் தொட வேண்டாம்.

அந்த நேரத்தை வேற வேலைக்கு செலவு பண்ணச் சொல்லுங்க சார். கழுவின கூட்டை நாலஞ்சு எடுத்து உள்ளங்கையில குலுக்கினா கணீர்னு சத்தம் வரும், வெடிப்பு விட்டது நடுவுல இருந்தா சத்தம் அமுங்கிரும், எடுத்துப் பாத்தா வாயோரம் முடி மாதிரி ஒரு கோடு தெரியும், அதைத் தூக்கிப் போட்டுரணும். பவுடர் போட்டப்புறம் லைட் அடிச்சு ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் எட்டிப் பாக்கணும், ரெண்டு தடவை விழுந்திருந்தா துப்பாக்கியே வெடிச்சிரும், எனக்கு பயமே அதுலதான்.

இன்னொண்ணு. ஞாபகார்த்தமா ஒரு காலிக் கூட்டைக்கூட பெட்டியில போட்டுட்டு வந்துராதீங்க. 1959 ஆயுதச் சட்டத்துல தோட்டாவோட பாகமும் அதைச் செய்யற மெஷினும் சேர்த்தே தோட்டாங்கற கணக்குலதான் வருது, லைசன்ஸ் இல்லாம இங்க வீட்டுல ரீலோடிங் பண்ணவும் முடியாது. பெட்டியை ஏற்கனவே பிரிச்சிருந்தாலும் பக்கவாட்டுப் பைகளை இன்னொரு தடவை துழாவிப் பாத்துருங்க.