பண்ணைக்குட்டை மீனுக்குக் கீரை மட்டும் போட்டு வளர்க்கலாமா?

புல் கெண்டைக்கு ஓரளவு போதும். கட்லா, ரோகுவுக்குப் போதாது. புல் கெண்டை ஒரே நாளில் தன் எடையளவுக்குக்கூடத் தழை தின்னும். அதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறும், ஆனால் வீணாகாது. அந்தக் கழிவு நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பெருக்கும். கட்லாவுக்கு அதுதான் இரை. அதனால் இந்த மீன்களைச் சேர்த்தே விடுங்கள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் வேண்டும்.

முற்றிய கீரை, முட்டைக்கோஸ் வெளி இலை எல்லாம் ஆகும். மீன் குஞ்சுகளுக்கு அசோலா என்ற சிறு மிதவைச் செடி நல்லது. மூங்கிலைச் சதுரமாகக் கட்டி மிதக்கவிட்டு அதற்குள் தழையைப் போடுங்கள். மறுநாள் தண்டும் நரம்பும் மட்டும் கிடந்தால் அளவு சரி. இலையே மிஞ்சினால் குறையுங்கள், மிச்சத்தை அள்ளிவிடுங்கள். அழுகினால் விடியற்காலையில் ஆக்ஸிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மருந்தடித்த சந்தைக் கழிவை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.