மளிகை பில் ஏன் எகிறுகிறது? கேளுங்கள், சொல்கிறேன்

அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துப் பழகியவன் நான். அப்புறம் சூப்பர் மார்க்கெட் கொள்முதலில் பதினெட்டு வருடம். அரிசி, பருப்பு, எண்ணெய் என்றால் தாராளமாகக் கேளுங்கள். காய்கறி என் துறை இல்லை.

மதுரை வாசகி: ரெண்டு சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட், ஒரே உயரம். ஒன்னு 150, இன்னொன்னு 140. எதை எடுக்க?

திருப்பிப் பார்த்தீர்களா அம்மா? ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம். முன்பு இன்ன அளவில்தான் அடைக்கலாம் என்று விதி இருந்தது, இப்போது இல்லை. அதனால் 800, 850 கிராம் பாக்கெட்டும் லிட்டர் பாக்கெட்டின் பக்கத்திலேயே அதே மஞ்சள் நிறத்தில் நிற்கிறது. 150 ரூபாய் பாக்கெட் முழு லிட்டர், 140 ரூபாய் பாக்கெட் 800 கிராம் என்றால், 910 கிராமுக்கு 159 ரூபாய் ஆகிறது. பத்து ரூபாய் மிச்சம் என்று எடுத்தீர்கள், ஒன்பது ரூபாய் கூடக் கொடுத்தீர்கள். ஒரு கிராம் என்ன விலை என்று பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். விலையைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள்.

திருச்சி: தக்காளி எப்போ குறையும்?

கோயம்பேட்டில் கேளுங்கள்.

கோவை: 26 கிலோ அரிசி சிப்பம் வாங்கினா ஒரு கிலோ இலவசம்னு கடைக்காரர் சொல்றார். நிஜமா?

இலவசமாவது ஒன்றாவது. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5% ஜிஎஸ்டி. ஆனால் 25 கிலோ வரைதான். அதைத் தாண்டினால் வரி இல்லை. உடனே ஆலைகள் 26 கிலோ சாக்கு தைத்துவிட்டன. கிலோ 60 என்று வையுங்கள். 25 கிலோ 1,500, வரி 75, ஆக 1,575. 26 கிலோவோ 1,560. ஒரு கிலோ கூட வந்தும் பதினைந்து ரூபாய் குறைவு. அந்த ஒரு கிலோவுக்கும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள்.

ஆரணி, அரிசி மண்டி: அண்ணே, ஏதோ வரி ஏய்ப்பு மாதிரி எழுதுறீங்களே. சட்டம் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறோம், அவ்வளவுதான்.

ஏய்ப்பு என்று நான் எங்கே சொன்னேன் தம்பி? எனக்கு உறுத்துவது வேறு. மொத்தமாக 1,560 எடுத்து வைக்க முடிகிறவருக்கு வரி இல்லை. மாதக் கடைசியில் சூப்பர் மார்க்கெட்டில் 5 கிலோ பாக்கெட் எடுப்பவர் கட்டுகிறார்.

ஆரணி: அவர் அண்ணாச்சி கடையில சில்லறையா நிறுத்து வாங்கலாமே. அதுக்கு வரி கிடையாதே.

சரி, அது உண்மைதான். கண்ணெதிரே மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பதற்கு வரி இல்லை. அண்ணாச்சி கடை பல தெருக்களில் மூடிக்கிடப்பதற்கு என்ன செய்வது?

சேலம்: பிஸ்கட் பாக்கெட் அதே விலைதான், ஆனா சீக்கிரம் தீருது.

கிராம். மதுரை அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சென்னை: பில் போடும்போது போன் நம்பர் கேட்டுத் தொந்தரவு பண்றாங்க.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லலாம். நம்பர் தந்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023லேயே மத்திய நுகர்வோர் துறை சொல்லிவிட்டது. அடம்பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள்.

நெல்லை: தட்டில் ஒட்டியிருக்கிற விலை ஒன்னு, பில்லில் வேறொன்னு.

நான் இருந்த கடையிலும் நடந்ததுதான். ஆஃபர் முடிந்த இரவே கணினியில் விலை மாறிவிடும். அட்டையைக் கழற்ற வேண்டிய பையன் மறுநாள் பத்து மணிக்குத்தான் வருவான். வாசலைத் தாண்டுமுன் பில்லைப் படியுங்கள். அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஈரோடு: எந்த சூப்பர் மார்க்கெட் மலிவு?

பெயர் சொல்ல மாட்டேன். ஒரே கடையில் பருப்பு மலிவாகவும் முந்திரி கொள்ளையாகவும் இருக்கும்.

தஞ்சாவூர்: பருப்பு பாக்கெட் ஏன் சின்னதாயிட்டே போகுது?

மூன்றாவது தடவை. கிராம்.

கோவை: அண்ணே, திரும்பவும் நான்தான். அந்த 26 கிலோ சிப்பத்தை வீட்டில் நிறுத்தேன். 25 கிலோ 900 கிராம்தான் இருக்கு!

சாக்கோடா, சாக்கில்லாமலா?

ஆரணி: முதல்ல தராசைக் காட்டச் சொல்லுங்க அண்ணே.