மூக்குக்கு முன்னால் நிற்கும் அலை: ஹைப்பர்சோனிக் பாய்வு குறித்துக் கேள்வி பதில்

அதிர்ச்சி அலைச் சுரங்கத்தில், அதாவது மாதிரிகளின் மேல் அதிவேகக் காற்றைப் பாய்ச்சும் குழாயில், பல ஆண்டுகள் சோதனை செய்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. எனக்கு மிகவும் பிடித்த பொருள் இது.

கேள்வி: ஒலியின் வேகத்தைத் தாண்டினாலே அதிர்ச்சி அலை வந்துவிடுகிறது. அப்படியானால் மாக் 5-இல் புதிதாக என்ன நடக்கிறது?

பதில்: மாக் 5 என்றால் ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகம். ஹைப்பர்சோனிக் பாய்வு அங்கே தொடங்குகிறது என்பது வசதிக்காக வைத்துக்கொண்ட எண். மாற்றம் படிப்படியாகத்தான் வருகிறது. ஒலியை முந்திக்கொண்டு ஒரு பொருள் வரும்போது, அது வருவது முன்னால் இருக்கும் காற்றுக்குத் தெரியாது. விலகி வழிவிட நேரமில்லாமல் காற்று மிக மெல்லிய ஒரு பரப்பில் சட்டென்று அழுந்துகிறது. தரைமட்டக் காற்றில் அந்தப் பரப்பின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அலை பாய்வுக்கு நேர்குத்தாக நின்றால், மாக் 5-இல் அதைக் கடக்கும் காற்றின் அழுத்தம் 29 மடங்கும், அடர்த்தி 5 மடங்கும், வெப்பநிலை 5.8 மடங்கும் உயர்கின்றன.

அலை சாய்ந்து நிற்கும் கோணத்தையும் பாருங்கள். 15 பாகை ஆப்பு ஒன்றை மாக் 2 பாய்வில் வைத்தால் அலை 45 பாகையில் அகலமாக விரிந்து நிற்கும். மாக் 5-இல் அது 24 பாகையாகக் குறைகிறது. சந்திரனிலிருந்து திரும்பும் கலத்தின் வேகமான மாக் 36-இல் 18 பாகை. அதாவது ஆப்பின் பரப்புக்கும் அலைக்கும் நடுவே 3 பாகை இடுக்குதான் மிஞ்சுகிறது. கொதிக்கும் காற்று முழுவதும் அந்த இடுக்கின் வழியாகத்தான் போக வேண்டும். சிக்கல்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கேள்வி: விண்கலம் திரும்பி வரும்போது காற்றோடு உரசுவதால்தானே சூடாகிறது?

பதில்: பள்ளிப் புத்தகங்களிலும் செய்திகளிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு இது நெடுநாள் வருத்தம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டிருக்கிறீர்களா? அந்தச் சூட்டில் பெரும்பங்கு காற்று அழுந்துவதால் வருவது. மழுங்கிய கலத்தின் மூக்குப் பகுதியிலும் அப்படியே: அலைக்குள் அழுந்தும் காற்றே முதலில் சூடாகிறது, பிறகு அந்தச் சூடு கலத்தின் மேல் பாய்கிறது. ஒல்லியான, கூரிய வாகனங்களின் பக்கவாட்டில் உரசலுக்கும் கணிசமான பங்கு உண்டு.

கேள்வி: நான் விமானப் பொறியியல் மாணவி. வேகமாகப் போகும் பொருளுக்குக் கூரிய மூக்குதானே பொருத்தம்? விண்கலங்களின் அடிப்பகுதி ஏன் தட்டுப்போல் மழுங்கியிருக்கிறது?

பதில்: 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜூலியன் ஆலன் இதற்கு விடை கண்டார். கூர்முனையில் அலை ஒட்டிக்கொள்ளும். சூடும் முனையிலேயே குவியும். மழுங்கிய முகப்புக்கு முன்னால் அலை ஒட்டாமல் விலகி, வில்போல் வளைந்து நிற்கும். கலம் இழக்கும் ஆற்றலில் பெரும்பகுதி அந்த வலிய அலையின் வழியே காற்றுக்குப் போய்விடும். அந்தக் காற்றும் சுற்றி ஒழுகிப் பின்னால் போய்விடும். மூக்கின் வளைவு ஆரத்தை நான்கு மடங்காக்கினால் வெப்பம் பாயும் வீதம் பாதியாகும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. தேர்வுக்கும் உதவும்.

கேள்வி: சந்திரனிலிருந்து திரும்பிய அப்பல்லோவுக்கு முன்னால் எவ்வளவு சூடு இருந்தது?

பதில்: மாக் 36-க்குப் பாடநூல் சூத்திரத்தை அப்படியே போட்டால் ஏறத்தாழ 58,000 கெல்வின் வரும். உண்மையில் 11,000 கெல்வினை ஒட்டித்தான் இருந்தது. மீதி ஆற்றல் ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகளை உடைக்கவும் எலெக்ட்ரான்களைப் பிய்க்கவும் செலவாகிவிட்டது. அப்படிப் பிய்ந்த எலெக்ட்ரான்கள்தாம் வானொலித் தொடர்பைச் சில நிமிடங்கள் மறித்தன. இந்த வேதியியலைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதை 1981 ஏப்ரலில் கொலம்பியா விண்வெளி ஓடத்தின் முதல் பயணம் காட்டியது. மூக்கு மேலெழும்பாமல் பிடித்துவைக்க, வால் அடியில் உள்ள மடல் முன்கணிப்பைப் போல் இரு மடங்குக்கு மேல், ஏறத்தாழ 16 பாகை சாய வேண்டியிருந்தது.

கேள்வி: இரண்டு அலைகள் ஒன்றையொன்று சந்தித்தால்?

பதில்: நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். 1967 அக்டோபர் 3 அன்று விமானி பீட் நைட் எக்ஸ்-15 என்ற அமெரிக்க ராக்கெட் விமானத்தை மாக் 6.7 வரை கொண்டுபோனார். விமானத்தின் அடித்துடுப்பில் ஒரு தாங்கி. அதில் போலி ராம்ஜெட் (ஒருவகை ஜெட் எஞ்சின்) ஒன்று தொங்கியது. ராம்ஜெட்டிலிருந்து கிளம்பிய அலை, தாங்கிக்கு முன்னால் நின்ற அலையில் போய் மோதியது. இப்படி மோதும்போது, அமைப்பு ஒத்துவந்தால், மெல்லிய தாரை ஒன்று பிறந்து ஊதுகுழல் சுடர்போல் பரப்பின் ஒரே இடத்தைத் தாக்கும். விமானத்தின் மேல் பூசியிருந்த வெப்பக் காப்பும் தாங்கவில்லை. உலோகத் தாங்கியில் ஓட்டைகள் விழுந்தன. ராம்ஜெட் அறுந்து கீழே போனது. நைட் பத்திரமாகத் தரையிறங்கினார். அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. அடுத்த ஆண்டு எட்னி என்ற ஆய்வாளர் இத்தகைய மோதல்களை ஆறு வகைகளாகப் பிரித்தார். இந்தத் தாரை அவற்றில் நான்காம் வகை.

கேள்வி: அலையை நீங்கள் கண்ணால் பார்த்ததுண்டா?

பதில்: படமாகப் பார்த்திருக்கிறேன். சுரங்கத்தின் குழாயை ஓர் அலுமினியத் தகடு அடைத்திருக்கும். தகட்டில் சிலுவைபோல் கீறல் போட்டிருப்போம். அழுத்தம் ஏறி ஏறி, வெடிச்சத்தத்தோடு அது நான்கு இதழாக விரியும். சோதனை நடப்பது ஒரு மில்லிநொடி அளவே. அடர்த்தி வேறுபாட்டை நிழலாக்கும் கண்ணாடி அமைப்பில், அரைக்கோள மாதிரிக்கு முன்னால் பிறைபோல் ஒரு கருங்கோடு பதிந்திருக்கும். முதல் சோதனை முடிந்ததும் ஓடிப்போய் மாதிரியைத் தொட்டேன். வெதுவெதுப்புக்கூட இல்லை! சூடு உள்ளே இறங்க ஒரு மில்லிநொடி போதவில்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன், ஐயா. வீட்டில் இதைப் பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, தம்பி. சமையலறைக் குழாயைச் சீராகத் திறந்து, கவிழ்த்த தட்டின் நடுவில் நீரை விழவிடு. நீர் மெல்லிய படலமாக வேகமாக ஓடி, ஒரு வட்டத்தில் சட்டென்று தடித்து எழும்பும். அந்த வட்டம் அதிர்ச்சி அலைக்கு நீரில் உள்ள உறவுக்காரன். இப்போது வட்டத்துக்குள், மெல்லிய படலத்தில் விரல் நுனியை வை. விரலுக்குச் சற்று முன்னால், விரலைத் தொடாமல், வில்போல் ஓர் அலை நிற்கும். விரலை எடுத்துவிட்டு ஓர் அட்டையின் விளிம்பை நீரோட்டத்தை நோக்கி வைத்துப் பார். அலை விளிம்போடு ஒட்டிக்கொள்ளும்.