கல்லாக நிற்பவருக்கு எத்தனை வேலை!

கேள்வி: மனதை உலுக்கும் காட்சியைப் பார்க்கும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால், பிற்பாடு அது நினைவுக்கு வந்து தொல்லை தராது என்கிறார் என் அண்ணன். உண்மையா?

பதில்: அந்தக் 'கல்' என்ற சொல்லை விட மாட்டேன். இழவு வீட்டில் "கல்லாட்டம் நின்றார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை" என்று யாரையாவது புகழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்லுக்கு ஒரு வேலையும் கிடையாது. கல்லாக நிற்கும் மனிதருக்கோ ஓயாத வேலை. உதடு துடிக்கிறதா, புருவம் சுருங்குகிறதா, கண் கலங்குகிறதா என்று தன் முகத்துக்குத் தானே காவல் இருக்க வேண்டும். 'அடக்கு, அடக்கு' என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே இருப்பவர் பேசுவது அப்போது மனதில் ஏறுமா?

ஏறாது. ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர்கள் 1999-இல் இதைச் சோதித்தார்கள். காயம்பட்ட மனிதர்களின் படங்களைக் காட்டி, கூடவே ஒவ்வொருவரைப் பற்றியும் சில விவரங்களைக் கேட்கச் செய்தார்கள். முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்தவர்களுக்கு அந்த விவரங்கள் குறைவாகவே நினைவிருந்தன. உள்ளே இருந்த கலக்கம் குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. 2000-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் பார்ப்பதுபோல் பார்க்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்த இழப்பு ஏற்படவில்லை. காட்சியை வேறு கண்ணால் பார்ப்பது ஒன்று, முகத்தை மட்டும் பூட்டுவது வேறு. உங்கள் அண்ணன் சொல்வது இரண்டாவது. அதில் வலி தங்கிவிடும், வார்த்தைகள்தான் போகும்.

என் அப்பாவின் கடைசி நாட்களில் மருத்துவர் என்னிடம் நெடுநேரம் பேசினார். தம்பிகள் பார்க்கிறார்களே என்று நான் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றேன். அந்த அறையின் ஜன்னல் இன்றும் கண்முன் நிற்கிறது. அவர் சொன்னதில் ஒரு வாக்கியம்கூட என்னிடம் இல்லை. "ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்று குழந்தைகளை அதட்டுபவர்களோடு இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் சண்டை போடுவது இதனால்தான்.

'சிரித்த முகமாக இருந்தால் போதும், மனம் தானே மகிழும்' என்பவர்களோடும் எனக்குப் பழைய வழக்கு உண்டு. பேனாவைப் பல்லால் கடித்து உதட்டைச் சிரிப்புப்போல் விரித்தால் கேலிச்சித்திரங்கள் கூடுதல் வேடிக்கையாகத் தெரிகின்றன என்று 1988-இல் வந்த ஆய்வைத்தான் அவர்கள் காட்டுவார்கள். 2016-இல் 17 ஆய்வுக்கூடங்கள் அதையே திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. சரி, முகத்துக்கும் நினைவுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஜேம்ஸ் லேர்ட் குழுவினரின் 1982 ஆய்வில், கோபமூட்டும் தலையங்கங்களைப் புருவம் நெரித்த முகத்தோடும், நகைச்சுவையைச் சிரித்த முகத்தோடும் நினைவுகூர்ந்தபோது சிலருக்குக் கூடுதலாக நினைவு வந்தது. எல்லோருக்கும் அல்ல, முகத்தை மாற்றினால் மனநிலையும் மாறுகிற சுபாவம் உள்ளவர்களுக்கு மட்டும்.

அண்ணனிடம் ஒன்று கேளுங்கள். அவர் கல்லாக நின்ற நாளில் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரம் அவரோடு சும்மா உட்கார்ந்திருங்கள்.