விடியல் வானம் பச்சையாகாமல் இருக்க

கேள்வி: மாமல்லபுரம் கடற்கரையின் விடியற்காலையை வாட்டர்கலரில் வரைந்து பழகுகிறேன். மஞ்சளும் நீலமும் சேரும் இடத்தில் வானம் பச்சையாகிவிடுகிறது. சரிசெய்யப் போனால் சேறாகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஈரமான மஞ்சளுக்குள் நீலம் இறங்கினால் பச்சை வரத்தான் செய்யும். அதை மறைக்க ஆரஞ்சைப் போட்டிருப்பீர்கள். ஆரஞ்சும் நீலமும் எதிர் நிறங்கள், கலந்தால் சாம்பல். சேறு வருவது அங்கேதான்.

வானத்தை இரண்டு தடவையாகப் போடுங்கள். முதலில் தாளை நனைத்து, அடிவானத்தை ஒட்டி வெளிர் மஞ்சள், அதற்கு மேல் ரோஸ். சூரியன் வரும் இடத்தில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். இத்தோடு தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. கடற்கரைக் காற்றில் தாள் மெதுவாகத்தான் காயும். அந்த அரைகுறை ஈரத்தில் தண்ணீர் மிகுந்த தூரிகை பட்டால் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும்.

நன்றாகக் காய்ந்த பிறகு சுத்தத் தண்ணீரை மெல்லத் தடவி, மேலிருந்து நீலத்தை இறக்குங்கள். ரோஸ் வந்ததும் நிறத்தை நிறுத்தி, வெறும் தண்ணீரால் விளிம்பைக் கரையுங்கள். நீலமும் ரோஸும் சேர்ந்து இளம் ஊதா தரும். விடியலுக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் இல்லை. ஆனால் ரோஸ் நீலச் சாயல் உள்ளதாக இருக்க வேண்டும், குவினாக்ரிடோன் ரோஸ் போல. ஆரஞ்சுச் சாயல் உள்ள சிவப்பு நீலத்தோடு சேர்ந்தால் மங்கிவிடும்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாளாக இருந்தால் இத்தனை தண்ணீரையும் தாங்கும்.

கடலுக்குப் புது நிறம் தேடவேண்டாம், வானத்தின் நிறங்களே போதும். சூரியனுக்குக் கீழே மின்னும் தண்ணீருக்கு, தண்ணீர் குறைந்த தூரிகையைப் படுக்கவைத்து வேகமாக இழுங்கள். சொரசொரப்பான தாளின் மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கும், பள்ளங்கள் வெள்ளையாக மின்னும். படகுகளுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கெட்டியாகக் கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும்.

சரி, ஏற்கெனவே பச்சையாகிப்போன படம்? தூக்கிப் போடாதீர்கள். முழுக்கக் காய்ந்ததும் ஈரத் தூரிகையால் அந்த இடத்தை மெதுவாக வருடி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மறுபடி காயவிட்டு, அதன்மேல் மிக மெல்லிசாக ரோஸை ஒரே இழுப்பில் பூசுங்கள். பச்சைக்கு எதிர் நிறம் என்பதால் அது பச்சையை அடக்கிவிடும்.