அப்டேட் போட்ட போனைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்ப முடியுமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எம்.சி. ரோடு பக்கத்தில் நைட்டி, பாவாடை மொத்த வியாபாரம் செய்கிறோம். என் ஆண்ட்ராய்டு போன் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் ராத்திரி அப்டேட் கேட்டது, நானும் சரி என்று அழுத்திவிட்டேன். இப்போது ஆண்ட்ராய்டு 14 என்று காட்டுகிறது. அன்றிலிருந்து ப்ளூடூத் பில் பிரிண்டர் இணையவில்லை. பில் ஆப், பிரிண்டர் விற்றவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. சார்ஜும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, போன் சூடாகிறது. ரீசெட் போட்டால் பழையபடி ஆகிவிடும் என்கிறான் என் தம்பி. பக்கத்து மொபைல் கடையில், 1,500 ரூபாய் கொடுத்தால் ப்ளாஷ் போட்டுப் பழைய வெர்ஷனே கொண்டுவருகிறேன் என்கிறார்கள். எதைச் செய்யட்டும் சார்? வீட்டுக்காரரிடம் இருப்பதும் இதே மாடல்தான், அதில் இன்னும் அப்டேட் போடவில்லை."

அம்மா, இதைப் படித்து முடிக்கும்வரை ரீசெட் போடாதீர்கள். போனைக் கடையிலும் கொடுக்காதீர்கள்.

உங்கள் தம்பி சொல்வதைப் பலரும் நம்புகிறார்கள், ஆனால் அது நடக்காது. போனின் சேமிப்பிடத்தில் சிஸ்டத்துக்கு ஒரு பகுதி, உங்கள் போட்டோ, ஆப், கணக்குகளுக்கு இன்னொரு பகுதி. ரீசெட் அழிப்பது இரண்டாவதை மட்டும்தான். அப்டேட் போட்டபோதே சிஸ்டம் பகுதியில் ஆண்ட்ராய்டு 14 உட்கார்ந்துவிட்டது. ரீசெட் முடிந்து போன் எழும்போதும் அதே ஆண்ட்ராய்டு 14தான் இருக்கும், உங்கள் கணக்கு வழக்குகள்தான் இருக்காது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய காலத்துக்கென்று எழுதப்பட்ட ஆப்களை ஆண்ட்ராய்டு 14 புதிதாக நிறுவ விடாது. ஏற்கெனவே போனில் இருந்தவை அப்டேட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். ஆனால் ஒருமுறை அழித்துவிட்டால், அதே ஃபைலை வாட்ஸ்அப்பிலிருந்து திரும்பப் போட்டாலும் ஏறாது. பிரிண்டரோடு சேர்த்துக் கொடுக்கப்படும் பில் ஆப்களில் இப்படி வயதானவை நிறைய. ரீசெட் போட்டால் பில் ஆப் போய்விடலாம், அதற்குள் இருக்கும் பழைய பில்களும் போய்விடும். அந்த ஆப்பை அன்இன்ஸ்டால் செய்து பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம்.

சரி, கடைக்காரர் சொல்லும் ப்ளாஷ், அதாவது சிஸ்டம் ஃபைலை நேரடியாகப் போனில் ஏற்றுவது? அதைப் புரிந்துகொள்ள, நிறுவனங்கள் இந்த வழியை ஏன் அடைத்தார்கள் என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு அப்டேட்டிலும் பழைய பாதுகாப்பு ஓட்டைகள் சில அடைக்கப்படுகின்றன, எவை அடைக்கப்பட்டன என்ற பட்டியலும் வெளியாகிறது. அதாவது, பழைய வெர்ஷனில் எங்கே ஓட்டை என்பது அதற்குப் பிறகு ஊருக்கே தெரிந்த விஷயம். உங்கள் போன் தொலைந்து வேறொருவர் கைக்குப் போகிறது என்று வையுங்கள். எடுத்தவர் அதைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்ப முடிந்தால், தெரிந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைய முயலலாம். உங்கள் பின் நம்பர், வங்கி ஆப், போட்டோ எல்லாம் அந்தப் பூட்டை நம்பித்தான் இருக்கின்றன. போனில் பணம் வைத்து வியாபாரம் செய்யும் நமக்கு இந்தக் கட்டுப்பாடு தேவை என்றுதான் சொல்வேன்.

2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-உடன், போன் இயங்கத் தொடங்கும்போதே சிஸ்டத்தைச் சோதிக்கும் முறை புதுப்பிக்கப்பட்டது. அதில் ரோல்பேக் தடுப்பும், அதாவது பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதைத் தடுக்கும் ஏற்பாடும், சேர்ந்தது. எளிதில் திருத்த முடியாத ஓர் இடத்தில் போன் ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறது. வீட்டு மின்சார மீட்டரின் ரீடிங் மாதிரி, அது ஏறுமே தவிர இறங்காது. உள்ளே போடப்படும் சிஸ்டத்தின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால், போன் அதை இயக்க மறுத்துவிடும். இது போதாதென்று, உங்கள் தகவல்களைப் பூட்டியிருக்கும் சாவிகளும் சிஸ்டத்தின் வெர்ஷனோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. வெர்ஷன் பின்னால் போனால் அந்தச் சாவிகள் வேலை செய்யாது. அதனால்தான், திருப்ப அனுமதி உள்ள போன்களில்கூட எல்லாவற்றையும் அழித்த பிறகே திருப்ப முடிகிறது.

இதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு விதம். சாம்சங்கில் பில்டு நம்பரின் (போனில் இருக்கும் சிஸ்டத்தின் அடையாள எண்) கடைசியிலிருந்து ஐந்தாவது இடத்தில் இருப்பது பூட்லோடரின், அதாவது போனை ஆன் செய்ததும் சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் நிரலின் வெர்ஷன். பழைய சிஸ்டம் ஃபைலிலும் அதே எண் இருந்தால் இறங்க வாய்ப்பு உண்டு. குறைவாக இருந்தால் ப்ளாஷ் போடும்போதே பிழை காட்டி நின்றுவிடும். 2018-இல் ஷாவ்மியின் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்த பலர், இந்தத் தடுப்பு வந்தது தெரியாமல் பழைய சிஸ்டத்தைப் போட்டார்கள். போன் மொத்தமாக டெட் ஆகிப்போனது. கூகுள் தன் பிக்ஸல்களுக்குப் பழைய சிஸ்டம் ஃபைல்களைத் தானே வெளியிட்டு வைக்கிறது. அப்படியும் 2022 ஆகஸ்டில் பிக்ஸல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, போட்டால் 12-க்குத் திரும்ப முடியாது என்று அறிவித்தது, ஏனென்றால் பூட்லோடரிலேயே ஓர் ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. ஒன்பிளஸ், ரியல்மீ போன்ற நிறுவனங்கள் சில மாடல்களுக்குத் தாங்களே ரோல்பேக் ஃபைல் கொடுத்திருக்கின்றன. ஐபோனில் நிலைமை வேறு. ஒவ்வொரு முறை சிஸ்டம் போடும்போதும் ஆப்பிள் சர்வரின் ஒப்புதல் வேண்டும். புது வெர்ஷன் வந்த கொஞ்ச நாளிலேயே பழையதற்கு ஒப்புதல் தருவதை ஆப்பிள் நிறுத்திவிடும். அதற்குப் பிறகு எந்தக் கடைக்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது. புது ஐஓஎஸ்ஸில் எடுத்த பேக்கப்பும் பழையதில் ஏறாது.

ஆகவே கடைக்காரர் சொல்வது முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மாடலுக்கு, உங்கள் பில்டு நம்பருக்கு அது நடக்குமா என்பதுதான் கேள்வி. பர்மா பஜார் முதல் திருவொற்றியூர் டோல்கேட் வரை, இந்த வேலையில் கை தேர்ந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல டெக்னீஷியன் என்றால் காசைப் பற்றிப் பேசும் முன் பில்டு நம்பரைப் பார்ப்பார், பூட்லோடர் வெர்ஷனை ஒப்பிடுவார், டேட்டா மொத்தமும் போகும் என்று தானாகவே சொல்வார். போனைத் திறந்துகூடப் பார்க்காமல் "ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

பூட்லோடரை அன்லாக் செய்துவிட்டால் தடை எதுவும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். கடை நடத்தும் நீங்கள் அந்த வழிக்கே போகக் கூடாது. அன்லாக் ஆன போனைப் பணம் அனுப்பும் ஆப்களும் வங்கி ஆப்களும் நம்புவதில்லை, பல திறக்கவே திறக்காது. சாம்சங் போனில் நிறுவனத்துடையது அல்லாத சிஸ்டத்தை ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்புக் குறி நிரந்தரமாக மாறிவிடும். அசல் சிஸ்டத்தைத் திரும்பப் போட்டாலும் அது பழைய நிலைக்கு வராது. செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் அந்தப் போனில் அதோடு முடிந்தன.

உங்களுக்கு வேண்டியது ஆண்ட்ராய்டு 13 இல்லை, பில் அடிக்கும் பிரிண்டர். அதைப் பார்ப்போம்.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் பில் ஆப்பைத் திறந்து பர்மிஷன்ஸைப் பாருங்கள். 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று ஒன்று இருந்தால் அதற்கு அனுமதி கொடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ப்ளூடூத்துக்கு இது தனி அனுமதி. பழைய ஆப் என்பதால் லொக்கேஷன் அனுமதியையும் கொடுத்து, லொக்கேஷனை ஆன் செய்து பாருங்கள். அடுத்து, ப்ளூடூத் பட்டியலில் பிரிண்டரின் பெயரைத் தொட்டு, இணைப்பை நீக்குங்கள். பிரிண்டரை அணைத்து ஆன் செய்து, புதிதாக இணையுங்கள். பின் கேட்டால் பெரும்பாலும் 0000 அல்லது 1234. அதன் பிறகு பில் ஆப்புக்குள் போய் பிரிண்டரை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டு, சரியாகவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த வகைச் சிறு பிரிண்டர்களில் அநேகமானவை ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். அதனால் வீட்டுக்காரர் போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு முயலுங்கள். பேட்டரி பகுதியில் பில் ஆப்புக்கு 'கட்டுப்பாடு இல்லை' என்று வைத்துவிட்டால், பின்னணியில் அதைப் போன் தூங்க வைக்காது.

இதற்கும் அசையவில்லை என்றால், பிரிண்டர் விற்றவரிடம் புது வெர்ஷன் ஆப் கேளுங்கள். பிளே ஸ்டோரிலும் இத்தகைய பிரிண்டர்களோடு வேலை செய்யும் பில் ஆப்கள் உண்டு. மாறும் முன் பழைய ஆப்பிலிருந்து பொருள் பட்டியலையும் பாக்கிக் கணக்கையும் ஃபைலாக எடுக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்க்ரீன்ஷாட்டாவது எடுத்து வையுங்கள்.

சூடும் சார்ஜும் இரண்டு காரணத்தால் வரலாம். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சில நாள், போன் எல்லா ஆப்களையும் புது வெர்ஷனுக்கு ஏற்றபடி பின்னணியில் தயார் செய்துகொண்டிருக்கும். அது தானாக அடங்கும். இரவில் வைஃபையில், சார்ஜில் போட்டு வைத்தால் சீக்கிரம் முடியும். ஒரு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால், பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். மூன்று வருடம் நாள்தோறும் சார்ஜ் ஏறி இறங்கிய பேட்டரி களைத்துப்போயிருக்கும், புது வெர்ஷனின் கூடுதல் வேலை அதை வெளியே காட்டிவிடும். நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. ஐபோனையே 35 டிகிரி வரையுள்ள சூழலில்தான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதத்தில் சென்னை வெளியிலேயே 40-ஐத் தொடும், தகரக் கூரைக் கடைக்குள் கேட்கவே வேண்டாம். பழைய வெர்ஷனுக்குத் திரும்பினாலும் இந்தப் பேட்டரி புதிதாகிவிடாது. அந்த 1,500 ரூபாயை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் அசல் பேட்டரி மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். என்ன விலை என்று முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

சர்வீஸ் சென்டரிலும் பொதுவாகப் பழைய வெர்ஷன் போட்டுத் தர மாட்டார்கள், இருக்கிற வெர்ஷனையே சுத்தமாக மறுபடி போடுவார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளும் முன் வாட்ஸ்அப் பேக்கப், காண்டாக்ட்ஸ், போட்டோ எல்லாம் எடுத்தாக வேண்டும். உங்கள் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கட்டாயம் நினைவில் இருக்க வேண்டும், ஏனென்றால் அழித்த போன் திரும்ப எழும்போது அந்தப் பழைய கணக்கைக் கேட்டால், அது தெரியாமல் உள்ளே போக முடியாது. கடையில் யாரோ போட்டுக் கொடுத்த ஜிமெயிலை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

ஒன்றில் மட்டும் நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. திரும்ப முடியாது என்பதை, பட்டனை அழுத்தும் முன் அதே திரையில், தமிழில், பெரிய எழுத்தில் அவர்கள் சொல்ல வேண்டும். நீண்ட விதிமுறைகளுக்குள் எங்கோ சொல்லிவிட்டால் போதாது. 2018-இல் இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம், பழைய போன்களை மந்தமாக்கிய அப்டேட்டுகளுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. விளைவுகளைச் சரியாகச் சொல்லாததும், முந்தைய நிலைக்குத் திரும்ப வழி தராததும் அங்கே குற்றமாகப் பார்க்கப்பட்டன. அப்டேட்டால்தான் போன் பயனற்றுப் போனது என்ற நிலை வந்தால், நீங்களும் சும்மா விட வேண்டியதில்லை. சர்வீஸ் சென்டரில் பிரச்சினையை எழுதி ஜாப் ஷீட் (பழுதைப் பதிந்து தரும் சீட்டு) வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே, உங்களுக்கென்றால் சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்தில், இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரர் போன். அதே மாடல், இன்னும் பழைய வெர்ஷன் என்பது உங்களுக்கு நல்ல வசதி. பில் ஆப்பின் ஃபைல் வாட்ஸ்அப்பில் இருந்தால் அதில் நிறுவி, அதே பிரிண்டரை இணைத்துப் பாருங்கள். பில் வந்தால் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு உங்கள் போனின் செட்டிங்ஸிலோ புது வெர்ஷனிலோதான். அதிலும் வராவிட்டால் பிரிண்டரைச் சந்தேகப்படுங்கள், அப்டேட் மேல் பழி போட வேண்டாம். அந்தப் போனில் சாப்ட்வேர் அப்டேட் பகுதிக்குப் போய், வைஃபையில் தானாகப் பதிவிறக்குவதை அணைத்துவிடுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தானியங்கி சிஸ்டம் அப்டேட் என்று இருந்தால் அதையும் அணையுங்கள். ஆனால் அவ்வப்போது வரும் சிறிய பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் போடுங்கள், அதில் பணப் பரிவர்த்தனை நடக்கிறது. வெர்ஷன் மாறும் பெரிய அப்டேட்டை மட்டும் உங்கள் போனில் பிரிண்டர் ஒழுங்காக ஓடும்வரை நிறுத்தி வைக்கலாம். போடும் நாளைக் கடை லீவு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், முந்தின நாளே பேக்கப் எடுத்துவிடுங்கள்.