முறுக்குப் பாக்கெட்டுக்குக் கையெழுத்து ஃபான்ட்

கேள்வி: வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து விற்கிறேன். லேபிளில் கடைப் பெயர் கையால் எழுதியதுபோல இருக்கட்டும் என்று இணையத்தில் ஒரு ஃபான்டை இலவசமாக இறக்கினேன். ‘பர்சனல் யூஸ்’ என்று போட்டிருக்கிறது. லேபிளில் போடலாமா? தமிழில் அடித்தால் அந்த எழுத்தும் வரமாட்டேன் என்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: போடாதீர்கள். ‘பர்சனல் யூஸ்’ என்பது வீட்டு விசேஷ அழைப்பிதழோடு சரி. விற்கிற பொருளில் அச்சடிக்க வணிக உரிமம் வேண்டும். இப்படி மாதிரிக்கு விடும் ஃபைல்களில் பல சமயம் எண்களே இருக்காது.

காசில்லாமலும் வழி உண்டு. கூகுள் ஃபான்ட்ஸ் என்ற இலவச ஃபான்ட் தளத்தில் ‘பசிஃபிகோ’ பார்த்திருப்பீர்கள்: தடித்த பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் எழுதியதுபோல, எழுத்தோடு எழுத்து கோத்துக்கொண்டு வரும். 1950களின் அமெரிக்க சர்ஃபிங் மோகத்தை மனதில் வைத்து வெர்னன் ஆடம்ஸ் வடித்தது. உரிமம், ஓப்பன் ஃபான்ட் லைசன்ஸ். லேபிளில் தாராளமாக அச்சடிக்கலாம், நன்றி என்றுகூடப் போட வேண்டியதில்லை; ஃபான்ட் ஃபைலை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

ஆனால் அதில் தமிழ் கிடையாது. தமிழில் அடித்தால் கம்ப்யூட்டர் வேறொரு ஃபான்டைப் போட்டு ஒப்பேற்றிவிடும்; உங்களுக்கு நடந்ததும் இதுதான். தமிழுக்கு அங்கேயே ‘கவிவாணர்’ இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, அதே உரிமம். தமிழில் எழுத்துகள் ஒட்டிக்கொள்வதில்லை என்பதால் கையெழுத்தின் களை சாய்விலும் வளைவிலும்தான் வர வேண்டும்; இதில் வந்திருக்கிறது. ஒரு குறை: ‘அம்மம்மா’ என்று அடித்தால் இரண்டு ‘ம்’மும் அச்சு அசலாக ஒன்றே. கையால் எழுதினால் அப்படி வராது. ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் தரும் ஃபான்ட்களும் உண்டு. என்னைக் கேட்டால், காசு கொடுப்பதானால் அதற்குத்தான் கொடுக்கலாம்.

ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டாதீர்கள்; கோத்த எழுத்துகள் அறுந்து அசிங்கமாகிவிடும். கடைப் பெயரோடு நிறுத்துங்கள். எடை, விலை, தேதி, சேர்மானங்களுக்குச் சாதாரண ஃபான்ட்தான். சின்ன அளவில் கையெழுத்துச் சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். தவிர, ₹ குறி 2010-இல்தான் வந்தது, பழைய ஃபான்ட்களில் இருக்காது.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் எழுத்துகளை ‘கர்வ்ஸ்’ ஆக்கி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுங்கள். இல்லையென்றால் அவர்களிடம் உள்ள ஏதோ ஒரு ஃபான்டில் உங்கள் கடைப் பெயர் அச்சாகி வரும்.